மதியின் வண்டிக்கு நேரம் கிடையாது

விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் டெப்போவுக்குப் போகிற பழக்கம் என்னை விடவில்லை. போன மாதமும் போயிருந்தேன். மேலாளர் அறையில் ஒரு சின்னக் கூட்டம். புதிதாக இரண்டு பெண் கண்டக்டர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஓய்வறை ஒதுக்க வேண்டும், அதில் என்னென்ன வேண்டும் என்று மேலாளர் கேட்டார். கேட்டதுதான் தாமதம், சுற்றி நின்ற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மூடி போட்ட குப்பைத்தொட்டி வேண்டும், அதுவும் காலால் மிதித்துத் திறக்கிறதாக இருக்க வேண்டும். பை மாட்ட ஒரு கொக்கி. வாசனை இல்லாத சோப்பு. சுருட்டிப் போட பழைய பேப்பர். நாப்கினில் சிறகு வைத்தது, வைக்காதது இரண்டும் வாங்குங்கள், ஒருத்தருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருத்தருக்கு அரிக்கும். இப்படி நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்களில் ஒருத்தி, பேச்சியம்மாள், பின்னாலேயே வந்தாள். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. உங்களுக்கு எப்படி இம்புட்டும் தெரியுது?"

"நானே ஒருநா கட்டிக்கிட்டு டூட்டி பாத்துருக்கேன் தாயி" என்றேன்.

சிரிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றாள். பாவம், அவளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் கண்டக்டர் ஆனதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. படிப்பு, லைசென்ஸ், அந்த லைசென்சுக்கு முன்னால் கட்டாயம் வாங்க வேண்டிய முதலுதவிச் சான்றிதழ். பயிற்சியில் பக்கத்தில் இருந்தவனுக்கு மண்டையைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டுக் காட்டினேன். ஆசாமிக்கு மூச்சு முட்டியதே தவிர கட்டு அவிழவில்லை. ரத்தத்தைக் கண்டால் பதறாமல் செய்ய வேண்டியதைச் செய்பவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பது பின்னால் தெரியும்.

கோவில்பட்டி, எட்டயபுரம் தடத்தில்தான் முக்கால்வாசி சர்வீஸ். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. படியில் நிற்பவனை உள்ளே தள்ளு, உள்ளே தூங்குபவனை இறங்குகிற இடத்தில் எழுப்பு. இவ்வளவுதான் தொழில். எனக்கு வெறி நேரத்தில். சொன்ன நேரத்துக்கு எடுத்து, சொன்ன நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். என் விசிலைக் கேட்டுத்தான் ரோட்டோர டீக்கடைக்காரர் அடுத்த பாலை அடுப்பில் வைக்கிறார் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரைக் கேட்டால் வேறு சொல்வார்.

எங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஞானராஜ் சாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மற்ற இன்ஸ்பெக்டர்கள் வண்டியில் ஏறினால் பயணிகள் பையைத் துழாவ ஆரம்பிப்பார்கள். இவர் ஏறினது பாதிப் பேருக்குத் தெரியாது. "டிக்கெட் எங்க?" என்று கேட்க மாட்டார். சீட்டுப் பக்கத்தில் போய் நின்று, "எங்கன ஏறுனீங்க? பஸ் ஸ்டாண்டுலயா, ரயில்வே கேட்டுலயா?" என்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். பதில் வருகிறவரைக்கும் அடுத்த கேள்வி கிடையாது. முறைக்க மாட்டார், அதட்ட மாட்டார், வாட்சைப் பார்க்க மாட்டார். டிக்கெட் எடுக்காதவன் தானாக ஒப்புக்கொள்வான். அந்த நிசப்தத்தில் டிக்கெட் எடுத்தவனுக்கே எடுத்தோமா என்று சந்தேகம் வரும்.

இனி என் மகள். பெயர் மதி. ஆட்டிசம் உள்ள பிள்ளை. வார்த்தை அவளுக்குக் கொஞ்சம், அதுவும் தேவைக்குத்தான். ஆனால் என் தடத்தில் உள்ள அத்தனை நிறுத்தத்தையும் போகிற வரிசையிலும் வருகிற வரிசையிலும் சொல்வாள். வண்டி வரிசை மாறாமல் போகும் என்பதால் அவளுக்கு வண்டி பிடிக்கும். அப்பா சொன்னால் வண்டி அந்த நேரத்துக்கு எடுக்கும் என்பதால் அப்பாவையும் கொஞ்சம் பிடிக்கும். என் மனைவி செல்வி தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலைக்குப் போகிறாள். மதி கோவில்பட்டியிலேயே ஒரு சிறப்புப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. எனக்கு வார ஓய்வு, செல்வி வேலைக்குப் போய்விட்டாள். நான் வராந்தாவில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். மதி குளியலறையிலிருந்து வந்து கையை நீட்டினாள். "சிவப்பு" என்றாள்.

கையில் ரத்தம். கையைத் திருப்பிப் பார்த்தேன், காயம் இல்லை. முழங்கை பார்த்தேன், முழங்கால் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன். பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன், ஆணி எதையும் மிதிக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒரு காலில் நின்றுகொண்டு என்னை விநோதமாகப் பார்க்கிறது. முதலுதவிச் சான்றிதழ்காரன் உடனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டான்.

எடுத்தது ஒரு பெண். என்ன ஆச்சு என்றாள். பிள்ளைக்கு ரத்தம் என்றேன். அடிபட்டிருக்கா என்றாள். இல்லை என்றேன்.

"எங்க இருந்து சார் வருது?"

"கோவில்பட்டியில இருந்தும்மா."

 பிறகு, பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டாள். சொன்னேன்.  "சார், வீட்டுல பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்போதுதான் என் மரமண்டையில் விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஆகிவிடும், நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று செல்வி பலமுறை சொல்லியிருந்தாள். நானும் பலமுறை தலையை ஆட்டியிருந்தேன்.

தெரு முனையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற ரஹ்மத்தக்காவிடம் ஓடினேன். கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள். வாய் திறந்தால் அழுகை வருகிறது. அக்கா என்ன புரிந்துகொண்டார்களோ, கல்லாவைப் பூட்டிவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்கள். வந்து பார்த்தால் மதி குழாயடியில் நின்று கையைக் கழுவி, தண்ணீர் சிவப்பாகப் போவதை ரசித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் தம்பி நீ அழுத? அவ நல்லாத்தான இருக்கா" என்றார்கள் அக்கா. "போயி வெளிய உக்காரு. அந்த மருந்துப் பெட்டிய என்னத்துக்குக் கையில வச்சுருக்க?"

சடங்கு வைக்க வேண்டும், மைக் செட் கட்ட வேண்டும், வாசலில் பெரிய படம் வைக்க வேண்டும் என்று மைத்துனர் குதித்தார். குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளைக்கு மைக் செட்டா என்று செல்வி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மதி தானே தேர்ந்தெடுத்த பாவாடையைக் கட்டி, வீட்டு ஆட்கள் மட்டும் தண்ணீர் ஊற்றி, மைத்துனர் கடம்பூரிலிருந்து வாங்கி வந்த போளியைத் தின்றதோடு சடங்கு நிறைவு பெற்றது. போளியில் பாதி மதிக்கு.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நாப்கினை வைத்தால் பிய்த்து எறிவாள். நடு வீட்டில் என்றால் நடு வீட்டில், வகுப்பில் என்றால் வகுப்பில். பள்ளிக்கூட டீச்சர் பொறுமைசாலி. செய்ய வேண்டியதைப் படமாக வரிசைப்படுத்திக் குளியலறையில் மாட்டுங்கள் என்றார். வரிசை என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். தகரத்தில் வழித்தடப் பலகை மாதிரி ஒன்று அடித்து, கழற்றுவது, சுருட்டுவது, தொட்டியில் போடுவது, கழுவுவது, புதியது வைப்பது, கை கழுவுவது என்று நானே பெயின்டால் வரைந்தேன். நான் வரைந்த நாப்கின் வாழைப்பூ மாதிரி இருந்தது. ஆனாலும் மதி ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள். கடைசிப் படத்தைத் தொட்டுவிட்டு, நாப்கினைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தாள்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரு கேள்வி. செல்வியைக் கேட்டால், "நாங்கல்லாம் பழகிட்டோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறாள். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் காலையில் நானே ஒன்றை வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே கேட் தாண்டுவதற்குள் அதன் சரசரப்பு எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. வண்டி முழுக்கக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு வழக்கத்தைவிடச் சத்தமாக டிக்கெட் டிக்கெட் என்று கத்தினேன். வெயில் ஏற ஏற வேக்காடு. சிறகின் ஓரம் தொடையைச் சுரண்டுகிறது. அதற்கு மேல் அந்த வாசனை. பூ வியாபாரம் பார்க்கிற அம்மா ஒருத்தி என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். காலை அகட்டி அகட்டி நடக்கிறேன். இளம்புவனத்தில் வண்டி நின்றதும் முன்படி வழியாக ஞானராஜ் சார் ஏறினார்.

வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பரமசிவம், நடை ஒரு மாதிரி இருக்கே. மூலமா, அடிகிடி பட்டுருக்கா?"

கேட்டுவிட்டு நின்றார். அந்த நிற்பைத்தான் சொன்னேனே. இரண்டு நிறுத்தம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவதில் அவர் காதோடு காதாக எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பருத்திக் காட்டைப் பார்த்தார்.

"கட்டிப் பாத்ததுல என்ன தெரிஞ்சுது?"

சரசரப்பு, ஓரம், வேக்காடு, வாசனை என்று சொன்னேன்.

"இது உனக்குத் தெரிஞ்சது. அவளுக்கு எது தொந்தரவுன்னு அவகிட்ட கேட்டியா?"

"அவ சொல்லமாட்டா சார். பேச்சு கம்மி."

"வாயால ஏன் சொல்லணும்? ரெண்டு மூணு தினுசக் கையில குடு. எதை வச்சுக்கிடுதா, எதைத் தூரப் போடுதான்னு பாரு. நீ குறுக்க பேசாத. அதுதான் உனக்குக் கஷ்டம்."

எட்டயபுரத்தில் இறங்கிப் போய்விட்டார். நான் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு ஓடினேன்.

அவர் சொன்னபடியே செய்தோம். ரஹ்மத்தக்கா கடையில் இருந்த தினுசெல்லாம் ஒவ்வொன்று, கூடவே அக்கா பழைய பருத்தித் துணியில் தைத்துத் தந்த ஒன்று. கட்டிலில் பரப்பிவிட்டு நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மதி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள், காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கினாள், கன்னத்தில் தேய்த்தாள். வாசனை போட்டதெல்லாம் ஜன்னலுக்குப் போனது. துணியில் தைத்ததை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதோடு பிய்த்து எறிவது நின்றது. பலகையில் குப்பைத்தொட்டி இருந்த இடத்தில், துணியை ஊறப்போட மூடி வைத்த வாளி ஒன்றை வரைந்தேன். அக்காவின் துணி வியாபாரமும் அன்றைக்குத்தான் தொடங்கியது, அது வேறு கதை.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தால் நான் பரமசிவம் இல்லையே.

பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டாள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். காலண்டரில் எண்ணி, அந்தத் தேதியில் சிவப்பாக ஒரு பஸ் வரைந்தேன். "மதி, அடுத்த வண்டி இந்தத் தேதிக்கு வரும்" என்று விசில் ஊதாத குறையாக அறிவித்தேன். சொன்னபடி வந்தது. அடுத்ததும் வந்தது. தெருவில் எனக்கு நடை மாறிப்போனது. மாதவிடாய்க்கே டைம் கீப்பர் ஆகிவிட்ட மிதப்பு.

மூன்றாவது வண்டி வரவில்லை.

அன்று காலையில் மதி துணியை வைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குளியலறை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். மறுநாளும் அதே இடம். காலண்டரைக் கையில் எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வரும் வரும் என்றேன். வரவில்லை. சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. பிறகு கதவில் தலையை முட்ட ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் தலையணையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்போம். வாரக்கணக்கில் இது. கடைசியில் ஒருவழியாக வந்தது. வந்தது நிற்கவில்லை. பிள்ளை வெளுத்துப்போய், சுருண்டு படுத்து, வலி தாங்காமல் தன் மணிக்கட்டையே கடித்தாள். செல்வி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அடுப்படியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கயத்தாறிலிருந்து என் அக்கா சண்முகத்தாய் வந்தாள். பார்த்தாள். பார்த்த கையோடு சொன்னாள்.

"தம்பி, கர்ப்பப்பைய எடுத்துருவோம். அவளுக்கு என்ன கல்யாணமா காட்சியா? எனக்கு எடுக்கலியா? எங்க டவுனுல ஒரு கிளினிக்கு இருக்கு, பேசிட்டேன். நீ சரின்னா கூட்டிட்டுப் போயிருவோம். மாசாமாசம் இந்தப் பிள்ளை ஏன் இந்தப் பாடு படணும்?"

அக்கா கெட்டவள் இல்லை. மதியின் கடிபட்ட மணிக்கட்டை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். செல்வி என்னைப் பார்த்து, "மைனி சொல்லுததுதான் சரியோ?" என்றாள்.  முதலில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்கச் சொன்னார் டீச்சர், அதற்குப் பிறகு முடிவு செய்வோம் என்று மட்டும் சொன்னேன். அக்காவும் கூட வந்தாள்.

கூட்டம் வடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் முதலில் மினுக்கிக்கொண்டிருந்த டியூப் லைட்டை அணைத்தார். மதி நாற்காலியில் உட்காரவில்லை, ஜன்னல் பக்கம் நின்றாள். சரி என்று டாக்டரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். எங்களிடம் பேசவில்லை. மதியிடம், தன் வயிற்றில் கைவைத்துக் காட்டி, "வலி இங்கயா, இங்கயா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினார். மூடிக்கொண்டேன். ஞானராஜ் சார்தான் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்துவிட்டாரோ என்று இருந்தது. காத்துக்கொண்டே இருந்தோம். மதி கையை அடிவயிற்றில் வைத்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் இடுப்பில் வைத்தாள்.

ரத்தம் எடுக்க வேண்டும். நர்ஸ் கெட்டிக்காரி. "அப்பாவுக்கு மொதல்ல" என்று ரப்பரை என் கையில் கட்டினாள். மதி பக்கத்தில் நின்று உன்னிப்பாகப் பார்க்கிறாள். ஊசி ஏறும்போது எனக்கு நெற்றி வேர்த்து, சுவர் லேசாகச் சாய்ந்தது. மதி தன் கையை நீட்டினாள், என்னை விலக்கிவிட்டு. ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். மேலே தடவுகிற பசை சில்லென்று இருக்கும் என்று நர்ஸ் முதலில் அதைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். எல்லாம் வயிற்றுக்கு மேலோடு முடிந்தது.

கர்ப்பப்பையில் ஒரு கோளாறும் இல்லை. உடம்பில் ரத்தம்தான் குறைவு. வயதுக்கு வந்த முதல் சில வருடங்கள் முன்னே பின்னேதான் வரும், ஆனால் இவ்வளவு போவதை விடக்கூடாது என்று மாத்திரை எழுதினார். ரத்தம் ஊற ஒன்று, போக்கை நிறுத்த ஒன்று, வலி தொடங்கும்போதே போட ஒன்று. துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தால் உடனே கூட்டிவரச் சொன்னார்.

அக்கா ஆபரேஷனைப் பற்றிக் கேட்டாள்.

"கர்ப்பப்பையில என்னம்மா நோய்?" என்றார் டாக்டர்.

"நோயின்னு இல்லம்மா. பிள்ளைக்குத் தொந்தரவால்ல இருக்கு."

"நோய் இல்லாத உறுப்பை, இந்த வயசுப் பிள்ளைக்கு, நான் எடுக்க மாட்டேன். வேற யாரும் எடுக்கவும் கூடாது. அது சின்ன ஆபரேஷன் இல்ல. வலிக்கும் போக்குக்கும் மருந்து இருக்கு." பிறகு செல்வி பக்கம் திரும்பினார். "தலைய முட்டிக்கிட்டது எப்ப? ரத்தம் வந்தப்பவா, வராதப்பவா?"

செல்வி யோசித்தாள். "வராதப்ப" என்றாள்.

"வரும்னு இவகிட்ட தேதி சொன்னது யாரு?"

செல்வி என்னைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த மதியும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா ஒரே பிடியாக நின்றாள். மாத்திரை எல்லாம் எத்தனை நாளைக்கு, அடுத்த தடவை நானே வந்து பார்ப்பேன், இதே கூத்து என்றால் டாக்டரும் வேண்டாம் நீயும் வேண்டாம், நானும் செல்வியும் அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருவோம் என்றாள். செல்வி மறுத்துப் பேசவில்லை.

ஆக, அடுத்த தடவைக்குள் என் மகளுக்கு நான் ஒன்றைப் புரியவைக்க வேண்டும். அப்பா சொன்ன நேரம் பொய். இந்த வண்டிக்கு நேரம் கிடையாது. இதை எப்படிச் சொல்வது? வாயால் சொல்லிப் பார்த்தேன். காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

கோவில்பட்டிக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கிற சில ஊர்களுக்கு மினிபஸ் போகும். நேரம் என்று ஒன்று பலகையில் உண்டு, நடப்பில் இல்லை. மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், பெய்யாவிட்டால் டிரைவருக்கு ஏதாவது சோலி இருக்கும். எங்கள் டெப்போவில் அந்த வண்டியைக் கேலி பண்ணாத ஆள் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தடத்தில் ஒரு நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். முள் அடர்ந்த ஓர் உடைமரமும் ஒரு சிமென்ட் பெஞ்சும்தான் அங்கே.

"வண்டி எப்ப?" என்றாள்.

"தெரியாது" என்றேன். அவளிடம் அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதே இல்லை.

கத்தினாள். எழுந்து பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் அதே பதில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தூரத்தில் நின்று, பிள்ளையை அடிக்கிறேனோ என்று பார்த்தார். எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. அன்றைக்கு வண்டி வந்து ஏறி வீடு வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் படுத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்ததும். நேரம் தெரியாது, ஆனால் வருவதற்கு முன்னால் தெரியும் என்று அவளுக்குக் காட்டினேன். மேட்டில் ஏறும்போது உடைமரத்துக்கு மேலே புழுதி எழும்பும், பார். நான் புழுதியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் மதி எழுந்து நின்றுவிட்டாள். "செகண்ட் கியர்" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புழுதி தெரிந்தது. பிறகு என் கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன்.

காலண்டரிலிருந்த பஸ்ஸை வெள்ளைப் பெயின்டால் அழித்தேன். அவள் பக்கத்தில் நின்று அழிக்கிறதைப் பார்த்தாள். அந்தத் தகரப் பலகையில் முன்னால் புதிதாகச் சில படங்களைச் செல்வி வரைந்தாள், நான் வரையக் கூடாது என்று உத்தரவு. மார்பு கனப்பது, தாடையில் பரு, இடுப்பு கடுப்பது. இதில் ஏதாவது வந்தால் வண்டி மேட்டில் ஏறுகிறது என்று அர்த்தம், துணி வை, வெந்நீர்ப் பை கேள், மாத்திரை கேள். வராத நாளில் பள்ளிக்கூடம். அவ்வளவுதான் பாடம். படித்தாளா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு திரிந்தோம். நான் உற்றுப் பார்த்ததில் என் முகத்தைக் கையால் தள்ளிவிட்டாள்.

ஒரு காலையில் செல்வியின் கையைப் பிடித்து இழுத்து வந்து பலகையில் இடுப்புப் படத்தைத் தொட்டாள். மாத்திரை கொடுத்தோம். அன்றே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள் செல்வி. வர வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கயத்தாறிலிருந்து அக்கா வந்து இறங்கிவிட்டாள், மாற்றுச் சேலை, மதிக்கு ஒரு புதுச் சட்டை எல்லாம் பையில் வைத்துக்கொண்டு. கிளினிக்குக்குப் போகத் தயாராகத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

அக்கா வீட்டுக்குள் நுழையும்போது மதி கையில் துணியோடு குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "வா தாயி, அத்தை மாத்தி விடுதேன்" என்று அக்காவும் பின்னாலேயே போய்க் கதவில் கைவைத்தாள்.

மதி அவள் கையை எடுத்து வெளியே விட்டாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அந்தக் கதவை அவள் சாத்தியதே இல்லை. குளிக்கும்போதும் திறந்துதான் கிடக்கும், செல்விதான் ஓடிப்போய் இழுத்து மூடுவாள்.  திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, தட்டலாமா என்று கையை ஓங்கினேன். செல்வி என் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். மூன்று பேரும் கதவுக்கு முன்னால் நின்றோம். உள்ளே தகரப் பலகையை விரல் தொடுகிற சத்தம். துணியை வாளியில் முக்குகிற சத்தம். வாளி மூடி. குழாய்த் தண்ணீர் நெடுநேரம்.

அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கிளினிக்குக்கு நான் போன் போட்டு வேண்டாம்னுருதேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு எடுக்கும்போது இப்படி ஒரு மாத்திரை குடுத்துப் பாக்கணும்னு யாருக்கும் தோணல, தம்பி" என்றாள். செல்வி அவள் தோளில் கையைப் போட்டாள். 

தாழ்ப்பாள் திறந்தது. மதி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். எட்டயபுரம் வண்டியில் நான் எப்படிச் சொல்வேனோ, அதே குரலில், அதே சலிப்பில் சொன்னாள்.

"வழிய விடுங்க. உள்ள போங்க, உள்ள போங்க."

மூன்று பேரும் உள்ளே போனோம்.